ஆழ்கடல் மீன்பிடிக்குக் கணக்கு எழுதுவது எப்படி? கேள்வி பதில்

இலங்கையின் நெடுநாள் படகுகள் பிடித்து வரும் சூரைக்கும் சுறாவுக்கும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பது சீஷெல்ஸில் இருக்கும் இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு. அந்தக் கணக்கைத் தொகுக்கும் வேலை பார்த்தவள் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்திருக்கிறேன்.

வாழைச்சேனை, படகு உரிமையாளர்: அக்கா, கரையில நிறுத்துப் பார்க்கிறாங்க, வித்த பில்லும் இருக்கு. பிறகு எதுக்கு நடுக்கடல்ல தண்டையல் (படகுத் தலைவர்) லொக்புத்தகம் (அன்றாடப் பிடிப்புக் குறிப்பேடு) எழுத வேணும்?

பில்லில் எத்தனை கிலோ என்று மட்டும்தான் இருக்கும், அண்ணன். எந்த இடத்தில், எத்தனை தூண்டில் போட்டு அந்த மீன் வந்தது என்று அதில் இல்லை. ஐந்நூறு தூண்டிலுக்கு இருபது மீன் வந்த இடத்தில் அடுத்த வருடம் ஆயிரம் தூண்டில் போட்டும் அதே இருபதுதான் என்றால், பில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடலில் மீன் குறைந்துவிட்டது என்பதை லொக்புத்தகம் ஒன்றுதான் காட்டும்.

இன்னொன்று, நீங்கள் இறக்குவது செவுளும் குடலும் எடுத்த மீன். ஆணைக்குழு கேட்பது முழு மீனின் நிறை. மீனை எப்படி வெட்டிக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதியிருந்தால்தான் அலுவலகத்தில் சரியாகக் கணக்குப் போட்டு முழு நிறைக்கு மாற்றலாம். ஒரு வருடத்துக் கணக்கு அடுத்த வருடம் ஜூன் 30க்குள் போக வேண்டும். ஆழ்கடல் ஆயிரங்கால் தூண்டிலுக்கு (ஒரே நீளக் கயிற்றில் பல தூண்டில்கள் கட்டியது) மட்டும் இறுதிக் கணக்கு கொடுக்க டிசம்பர் 30 வரை நேரம் உண்டு.

யாழ்ப்பாணம், மாணவி: 2015இல் ஐரோப்பா நம் மீனைத் தடை செய்தது சுகாதாரக் குறைபாட்டுக்காகவா?

இல்லை, தங்கச்சி. மீன் நல்ல மீன்தான். பிரச்சினை மேற்பார்வையில் இருந்தது. 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை கொடுத்து எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டைக்கு முன்மொழிந்தார்கள். 2015 ஜனவரியில் தடை வந்தது. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளைக் கண்காணிக்கவில்லை, பிழை செய்தவருக்கு உறைக்கிற தண்டனை இல்லை, சர்வதேச விதிகளைப் போதிய அளவு பின்பற்றவில்லை என்பவைதான் குற்றச்சாட்டுகள். பிறகு ஆழ்கடல் லைசன்ஸ், படகுகளுக்கு விஎம்எஸ் கருவி (படகு நிற்கும் இடத்தைச் செய்மதி வழியாகக் கரைக்குக் காட்டுவது), பெரிய அபராதம் என்று வரிசையாக வந்து, 2016 ஜூனில் தடை நீங்கியது. சட்டத்தைத் திருத்தியது பெரிய வேலைதான். ஆனால் தினம் தினம் நடக்க வேண்டிய வேலை லொக்புத்தகம். அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

சாய்ந்தமருது, தண்டையல்: மேடம், நீண்ட வால் சுறா தூண்டிலில் வந்தா வெட்டி விட்டுடுறம். எழுதினா கேஸ் வருமோ என்று பயத்தில எழுதுறதில்ல.

எழுதுங்கள், நானா. நீண்ட வால் சுறாவைப் படகில் வைத்திருப்பதும் கரைக்குக் கொண்டுவருவதும்தான் குற்றம். வந்தது, விட்டோம், உயிரோடு போனது அல்லது செத்துப் போனது என்று எழுதுவது குற்றமே இல்லை. விதி கேட்பதே அதைத்தான். ஆமைக்கும் இப்படித்தான். சந்தேகம் வருவது எழுதாத படகின் மேல்தான். வருடம் முழுக்க ஆயிரங்கால் தூண்டில் போட்டு ஒரு ஆமைகூடச் சிக்கவில்லை என்று ஒரு படகு சொன்னால், கடல் தெரிந்த எவரும் நம்பமாட்டார்.

கொண்டுவரக்கூடிய சுறாக்களையும் வெறுமனே 'சுறா' என்று போடாமல் வகை வகையாகப் பிரித்து எழுதுங்கள்.

திருகோணமலை, தரவு பதியும் அலுவலர்: சில படகுகள் விஎம்எஸ் காட்டும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வலை போட்டதாக எழுதுகின்றன. பொய்யா?

பொய் என்று முடிவு கட்டுவதற்கு முதல் உங்கள் கீபோர்டைப் பாருங்கள், தம்பி. ஒரு பாகைக்கு 60 கலை. ஜீபிஎஸ் திரையில் 8 பாகை 45 கலை என்று இருப்பதைத் தண்டையல் '8.45' என்று எழுதுகிறார். நீங்கள் அதைத் தசமமாக எடுத்து 8.45 பாகை என்று அடிக்கிறீர்கள். சரியான எண் 8.75. வித்தியாசம் 0.30 பாகை, அதாவது வடக்குத் தெற்காக 18 கடல் மைல். செவுள்வலைக்குக் கணக்குக் கொடுப்பது கடலை ஒரு பாகைச் சதுரங்களாகப் பிரித்த கட்டங்களில். அங்கே இந்தப் பிழை தெரியவே தெரியாது, இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழும். நாட்டின் 200 மைல் கடல் எல்லைக்குப் பக்கத்தில்தான் வினை. உள்ளே நின்ற படகு வெளியே நின்றதாகிவிடும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் ஒரு புத்தகம் முழுக்க 59ஐத் தாண்டவில்லை என்றால், அவர் எழுதியிருப்பது கலை.

உண்மையான பொய்க்கு வேறு அடையாளம் உண்டு. இருபது நாள் பக்கமும் ஒரே பேனை, ஒரே அழுத்தம், தினமும் ஒரே தூண்டில் எண்ணிக்கை, நிறையெல்லாம் ஐம்பதிலும் நூறிலும் முடிகிறது. அது ஹார்பரில் இருந்து ஒரே மூச்சில் எழுதியது. ஆனால் தண்டையலைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. லொக்பக்கம் இல்லாவிட்டால் அடுத்த பயணத்துக்கு விடமாட்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை யார், எதற்கு வாசிக்கிறார்கள் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

அதே அலுவலர்: ஒரு மீனினம் வரவே இல்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடலாமா?

விடக்கூடாது. வெறுமை என்றால் 'சொல்லவில்லை', பூச்சியம் என்றால் 'பிடிக்கவில்லை'. ஒரு நாடு ஒரு இனத்துக்குப் பூச்சியம்கூடப் போடாமல் விட்டால், தரவு கொடுக்கும் வரை அந்த இனத்தைப் பிடித்து வைத்திருக்கத் தடை விதிக்க ஆணைக்குழுவின் விதியில் இடம் இருக்கிறது.

நீர்கொழும்பு, படகுத் தொழிலாளி: சின்ன கெலவல்லாவும் (மஞ்சள் துடுப்புச் சூரை) பெருங்கண் சூரையும் ஒரே மாதிரி. எப்படிப் பிரித்து எழுத?

குடல் எடுக்கும்போது ஈரலைப் பாருங்கள். பெருங்கண் சூரையின் ஈரலில் வரிவரியாகக் கோடு ஓடும். கெலவல்லாவின் ஈரல் வழுவழுப்பாக இருக்கும், வலப்பக்க மடல் மற்றதைவிட நீளம். படகிலேயே குடல் எடுத்துவிடுவதால் இதைப் பார்க்கக் கிடைப்பது உங்களுக்கு மட்டும்தான். கரையில் நிற்கும் எங்களுக்கு அந்த வசதி இல்லை.

தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்: அக்கா, இது இலங்கைக்கு மட்டும்தானா? எங்க படகு 24 மீட்டருக்குக் குறைவு.

இந்தியாவும் அதே ஆணைக்குழுவில் உறுப்பு நாடு, தம்பி. நீளத்தை மட்டும் பார்த்துத் தப்ப முடியாது. 24 மீட்டருக்குக் குறைந்த படகும் தன் நாட்டின் 200 மைல் எல்லையைத் தாண்டித் தொழில் செய்தால், ஆணைக்குழுவின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும்.

வாழைச்சேனை, அதே உரிமையாளர்: பக்கம் நனைந்து மை கலைந்து போனால் புதிதாக எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நனைந்ததையும் காயவைத்துச் சேர்த்துக் கொடுங்கள். வாசிக்க முடியாத எண்ணை ஞாபகத்தில் இருந்து நிரப்ப வேண்டாம், 'வாசிக்க முடியவில்லை' என்று எழுதினாலே காணும். அடுத்த முறை பேனையை விட்டுவிட்டுப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.