ரெசினில் மஞ்சள் போடலாமா? – கேள்வி பதில்

பெரம்பூர், 3டி பிரிண்டிங் கடை: அண்ணே, எங்கள் திரவ ரெசினை ஒளியில் இறுக வைக்கிற டிபிஓவை ஐரோப்பாவில் தடை பண்ணிட்டாங்களாமே. பதிலுக்கு மஞ்சள் போடலாமா?

தம்பி, 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை வந்தது அழகுசாதனங்களில் டிபிஓ சேர்ப்பதற்கு. ஜெல் நகப்பூச்சு அதில் அடக்கம். இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று வகைப்படுத்தியதுதான் காரணம். மஞ்சளில் இருக்கும் குர்குமினும் நல்ல இனிஷியேட்டர்தான், அதாவது ஒளியை வாங்கி ரெசின் இறுகுவதைத் தொடங்கிவைக்கும் பொருள். 420-430 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக உறிஞ்சும், உங்கள் பிரிண்டரின் 405 நானோமீட்டர் விளக்குக்கும் ஒத்துவரும். ஆனால் டிபிஓ ஒளி பட்டதும் தானே உடைந்து வேலையைத் தொடங்கிவிடும். குர்குமினுக்கு அமீன் அல்லது அயோடோனியம் உப்பு என்று துணைக்கு ஒரு வேதிப்பொருள் வேண்டும். பொருளிலும் மஞ்சள் நிறம் ஏறும். மளிகைக்கடைத் தூள் வேண்டவே வேண்டாம். அதில் குர்குமின் சில சதவீதம்தான், மீதி அடியில் படிந்து ஒளியை மறைக்கும். கையுறை போடுங்கள்.

வண்ணாரப்பேட்டை, பியூட்டி பார்லர்: இயற்கை ஜெல் என்றால் அலர்ஜி வராதுதானே சார்?

வரும்மா. அலர்ஜிக்கு முக்கியக் காரணம் ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலேட் இறுகாமல் நிற்பது, அதிலும் ஹெமா என்ற வகை. இனிஷியேட்டரை மாற்றினால் அது போய்விடாது. சரியாக இறுகாவிட்டால் தோலில் படுவது இன்னும் கூடும். கையுறை!

கொருக்குப்பேட்டை: ஒரு லிட்டருக்கு எத்தனை ஸ்பூன் மஞ்சள்தூள்?

முதல் பதிலைப் படியுங்கள்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: பல் அடைப்பில் இனிஷியேட்டராகப் போடும் கேம்ஃபர்குயினோனை பூஜைக் கற்பூரத்திலிருந்து செய்யலாமா சார்?

கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்துதான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கான செலினியம் டைஆக்சைடு கொடிய விஷம். வீட்டில் தொடாதேம்மா. கற்பூரத்தை அப்படியே போட்டாலும் பயனில்லை. 468 நானோமீட்டர் நீல ஒளியை உறிஞ்சுவது கேம்ஃபர்குயினோன்தான்.

தண்டையார்பேட்டை: தினமும் சாப்பிடுகிற மஞ்சளைப் போய் ஆபத்து என்கிறீர்களே, நியாயமா?

ஐயா, மஞ்சளைக் குறை சொல்லவில்லை. அதோடு சேர்கிற அயோடோனியம் உப்பையும் அக்ரிலேட்டையும் யாரும் சாப்பிடுவதில்லையே.

தண்டையார்பேட்டை (மறுபடியும்): அப்படியானால் இயற்கைப் பொருளைத் தேடுவதே வீணா?

இல்லவே இல்லை. ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, இன்று கண்ணிலேயே போடப்படுகிறது. கருவிழி மெலிந்து கூம்பும் கெரட்டோகோனஸ் நோயில் அந்தச் சொட்டை விட்டு 370 நானோமீட்டர் அளவில் புறஊதா ஒளி காட்டினால், கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கருவிழி உறுதிப்படும். வைட்டமின் என்பதால் மட்டும் அதை நம்பிவிடவில்லை. ஒளியின் வலு, நேரம், கருவிழியின் தடிமன் எல்லாம் சோதித்து வரையறுத்த பிறகுதான் நம்பினார்கள். ரெசினிலும் முழுக் கலவையையும் சோதிக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

மணலி: மஞ்சள்தூள் அளவு?

மறுபடியும் முதல் பதில்தான்.

திருவொற்றியூர்: பிரிண்ட் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றலாமா அண்ணே?

கூடாது. எண்ணூர்க் கழிமுகம் பட்டது போதும். மூடி வைத்து வெயில் காட்டினால் ரெசின் இறுகித் தனியே வரும். வடிகட்டி, ஆல்கஹாலை மறுபடி கழுவப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. கையுறையோடு.