மீட்டர் விழுங்கும் பணமும் கிடைக்கக்கூடிய உதவிகளும்

கேள்வி: 75 வயதான என் தாயாருடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும், முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பிரீபேமென்ட் மீட்டர். குளிர் தொடங்கிய பிறகு 20 பவுண் டாப்-அப் செய்தால் பாதிதான் மிஞ்சுகிறது. இரண்டு கணக்கும் என் பெயரில் உள்ளன. உதவி ஏதும் கிடைக்குமா?
– வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: கோடையில் ஹீட்டிங்கை அணைத்து வைத்திருந்தாலும், ஸ்டாண்டிங் சார்ஜ் என்னும் நாட்கட்டணம் மீட்டரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அப்படிச் சேர்ந்ததைக் குளிர்காலத்தின் முதல் டாப்-அப்பிலேயே மீட்டர் கழித்துக்கொள்கிறது. பழைய பாக்கி இருந்தால் அதற்கும் வாரந்தோறும் ஒரு தொகை பிடிபடும். அதைக் குறைக்கச் சொல்லி, மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் நிறுவனத்திடம் கேட்கலாம். வாடிக்கையாளரால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைக் கருதியே தவணை வகுக்கவேண்டும் என்பது எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம்மின் விதி. பாக்கியைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூசுவது நம்மவர் வழக்கம்தான், ஆனால் நீங்கள் கேட்காதவரை நிறுவனம் தானாகக் குறைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரசு உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட்டைத் தாயார் பெறுகிறாரா? அவருடைய விசாவில் அரசு நிதி பெறத் தடை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். விண்ணப்பிப்பவரின் வருமானமும் துணைவரின் வருமானமுமே கணக்கில் வரும் என்பதால், மகளின் சம்பளம் அதற்குத் தடையல்ல. அது கிடைத்தால், தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூச்சியமோ அதற்குக் கீழோ இருக்கும்போது கோல்ட் வெதர் பேமென்ட் என்னும் 25 பவுண் கடுங்குளிர்க் கொடுப்பனவும் வரும். லண்டனில் அத்தகைய குளிர் அடிக்கடி வருவதில்லை.

அதைவிடப் பெரிய தொகை, வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்னும் திட்டம் மின்கட்டணத்தில் தரும் 150 பவுண் தள்ளுபடி. நம் கூட்டுக் குடும்பங்கள் பல அதைத் தவறவிடுவது பெயரால்: உதவித்தொகை பெறுபவரின் பெயரோ அவருடைய துணைவரின் பெயரோ மின்கணக்கில் இருக்கவேண்டும். உங்கள் பெயரில் கணக்கு இருக்கும்வரை தாயாரின் தகுதி பயன்படாது. தகுதி பார்க்கும் நாள் அண்மைய ஆண்டுகளில் ஆகஸ்டில் வந்திருப்பதால், அதற்கு முன்பே மின்கணக்கை அவர் பெயருக்கு மாற்றுவது பற்றி நிறுவனத்திடம் பேசுங்கள். பழைய பாக்கி உங்கள் பொறுப்பாகவே நீடிக்கும்.

கேள்வி: எரிவாயு, மின்சார விலைக்கு ஆஃப்ஜெம் உச்சவரம்பு வைத்திருக்கும்போது என் பில் மட்டும் எப்படி அதைத் தாண்டுகிறது?
– வாசகர், லெஸ்டர்

பதில்: வரம்பு யூனிட் விலைக்கும் நாட்கட்டணத்துக்குமே தவிர, மொத்த பில்லுக்கு அல்ல. செய்திகளில் வரும் ஆண்டுத் தொகை சராசரியாகப் பயன்படுத்தும் வீட்டுக்கான கணக்கு. கூடுதலாகப் பயன்படுத்தினால் கூடுதலாகத்தான் வரும்.