நியூ ஜெர்சியில் பறிபோன ஓட்டு

கேள்வி: அமெரிக்கக் குடியரசு பிறந்தபோது சொத்துள்ளவனுக்கு மட்டும்தான் ஓட்டு. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில், அது எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. காலம் போகப் போக உரிமை தானாக விரியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நீங்கள் ஏன் எப்போதும் குறையையே எழுதுகிறீர்கள்?
(வாசகர் ஒருவர், தென்காசி)

பதில்: உங்கள் கேள்வியில் 'எல்லோருக்கும்' என்பதை எடுத்துவிட்டு 'வெள்ளை ஆண்களுக்கு' என்று போட்டுப் படியுங்கள். அப்போது நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. 'தானாக' என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்ல உங்களை நியூ ஜெர்சிக்கு அழைத்துப்போக வேண்டும்.

1776 ஜூலை 2-ஆம் தேதி, சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு நாள் முன்பு, அந்த மாநிலம் தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஓட்டு யாருக்கு என்ற இடத்தில் 'ஆண்கள்' என்று அது எழுதவில்லை. 'குடியிருப்போர் அனைவரும்' என்று எழுதியது. வயது வந்திருக்க வேண்டும், 50 பவுண்டு பெறுமான உடைமை இருக்க வேண்டும், ஓராண்டு அங்கே வசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1790-இல் வந்த தேர்தல் சட்டம் ஏழு கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) 'அவன் அல்லது அவள்' என்றே தெளிவாகச் சொன்னது. 1797-இல் அது மாநிலம் முழுமைக்கும் ஆனது. மணமான பெண்ணின் சொத்து கணவனுக்குச் சொந்தம் என்பது அன்றைய சட்டம். ஆகவே ஓட்டுப் போட்டவர்கள் கைம்பெண்களும் மணமாகாதவர்களும். அடிமைத்தளையில் இல்லாத, உடைமையுள்ள கறுப்பின மக்களும் போட்டார்கள். மாண்ட்கோமரி என்ற ஊரின் 1801-ஆம் ஆண்டு வாக்குப்பதிவுப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் 40-க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பெயர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இன்னும் ஆறே ஆண்டுகள்தான் அவர்களுக்கு இருந்தன.

ஃபெடரலிஸ்ட், ரிபப்ளிகன் (இன்றைய ரிபப்ளிகன் கட்சி அல்ல) என அன்றைய இரு கட்சிகளும் பெண்களின் ஓட்டைத் தேடிப் போயின. தோற்றவர்கள் அந்த ஓட்டின் மீதே பழிபோட்டார்கள். 1807 பிப்ரவரியில் எஸெக்ஸ் கவுண்டியில் நீதிமன்றக் கட்டடத்தை நியூவார்க்கில் கட்டுவதா, எலிசபெத்டவுனில் கட்டுவதா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கள்ள ஓட்டு கட்டுக்கடங்காமல் விழுந்தது. ஆண்களும் சிறுவர்களும் பெண்வேடம் கட்டிக்கொண்டு வந்து மீண்டும் மீண்டும் போட்டார்கள் என்பதும் அன்று எழுந்த புகார். முடிவைச் சட்டமன்றம் செல்லாது என்று தள்ளியது. அதோடு விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் புதிய சட்டம் வந்தது: இனி வெள்ளை ஆண் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு. மாநிலத்தின் பாதுகாப்பு, அமைதி, நல்லொழுங்கு, கண்ணியம் ஆகியவற்றுக்காக என்று அதன் முகப்பிலேயே காரணமும் எழுதினார்கள். ஆண்கள் செய்த மோசடிக்கு ஓட்டை இழந்தவர்கள் பெண்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதே சட்டத்தின் இன்னொரு பகுதியை. வரி கட்டியவர் யாராயினும் அவரிடம் 50 பவுண்டு உடைமை இருப்பதாகவே கொள்ளலாம் என்று அது சொன்னது. ஏழை வெள்ளையருக்கு இருந்த சொத்துத் தடை இதனால் ஏறக்குறைய நீங்கிவிட்டது. உங்கள் கேள்வி கொண்டாடும் விரிவாக்கம் இதுதான். ஒரே காகிதம், ஒரே நாள், ஒரே கையொப்பம். செருப்புத் தைப்பவரும் பண்ணைக் கூலியும் உள்ளே வந்தார்கள். சொந்த நிலத்துக்கு வரி கட்டிய கைம்பெண் வெளியே போனாள். சொத்தை அளவுகோலாக வைத்தது அநீதி. ஆனால் அந்த அளவுகோலுக்குள் ஒரு பெண்ணோ கறுப்பினத்தவரோ நுழைய இடம் இருந்தது. 'ஆண்', 'வெள்ளை' என்பவை அளவுகோலான பிறகு எவ்வளவு உழைத்தாலும் எவ்வளவு சேர்த்தாலும் நுழைய முடியாது.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் வேதனை. 1821-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடிய மாநாட்டில், ஏழை வெள்ளையருக்காகப் பரிந்து பேசிய அணியினர்தான் 'வெள்ளை' என்ற சொல்லைச் சேர்க்க முனைந்தார்கள். அதை நீக்கச் சொல்லிப் போராடியவர் பழைய ஃபெடரலிஸ்ட் பீட்டர் ஜே. 63-க்கு 59 என்ற கணக்கில் அவர் வென்றார். வெற்றி நிலைக்கவில்லை. கறுப்பின ஆண் ஓட்டுப்போட 250 டாலர் நிலம் வேண்டும் என்று வேறு வழியில் கதவைச் சாத்தினார்கள். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. 1827 ஜூலை 4-ஆம் தேதி அந்த மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தபோது, விடுதலை பெற்றவர்கள் கண்டது இந்தச் சாத்திய கதவைத்தான். 1780-லேயே அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றிய பென்சில்வேனியா 1838-இல் 'வெள்ளை' என்ற சொல்லைத் தன் அரசியல் சட்டத்தில் நுழைத்தது.

ஜாக்சன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எளிய வெள்ளை உழவர்கள் அவரைத் தம்மவராக நினைத்தார்கள், 1828 ஜனாதிபதித் தேர்தலில் அவரைப் பெருவாரியாக வெல்ல வைத்தார்கள். அவர்கள் ஓட்டுப் பெற்றது சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஜாக்சன் 1830-இல் கையெழுத்திட்ட சட்டம் செரோக்கி உள்ளிட்ட பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்த வழிசெய்தது. பிரதிநிதிகள் சபையில் அது 102-க்கு 97 என்றுதான் நிறைவேறியது. யாருடைய நிலம் பறிபோகப் போகிறதோ அவர்களுக்கு அந்தச் சபையில் ஓட்டு இல்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் எது தானாக நடந்தது? நியூ ஜெர்சிக்கே திரும்பி வருகிறேன். 1870 மார்ச் 31-ஆம் தேதி, ஓர் உள்நாட்டுப் போரும், ஓட்டுக்கு நிறம் பார்க்கக் கூடாது என்ற ஓர் அரசியல் சட்டத் திருத்தமும் முடிந்த பிறகு, பெர்த் அம்பாயில் தாமஸ் மண்டி பீட்டர்சன் என்ற கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டார். 1807 சட்டத்துக்குப் பின் 62 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. பெண்களுக்கு உரிமையைத் திருப்பித் தரலாமா என்று 1915-இல் அதே மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. அதில் ஓட்டுப் போட ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.