ஒரு லென்ஸ் போதுமா?

கேள்வி: புகைப்படக் கலையில் இப்போதுதான் காலூன்றி வரும் நான், முதன்முறையாக ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லவிருக்கிறேன். எத்தனை லென்ஸ்களை எடுத்துச் செல்லலாம்? தெருவில் முன்பின் அறியாதவர்களைப் படமெடுக்கலாமா?

பதில்: ஒன்றே போதும் என்பேன். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தமது படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே எடுத்தார். 1932-இல் பாரிஸின் சாங்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே அவர் படமெடுத்தபோது, லென்ஸ் முழுவதுமாக நுழையாததால் படத்தின் ஓரத்தைப் பலகை மறைத்துவிட, அச்சிடுகையில் அப்பகுதியை வெட்டி நீக்க நேர்ந்தது. (படங்களை வெட்டுவதை அவர் அறவே விரும்பாதவர்!) லென்ஸை மாற்றுவதில் நேரம் கழித்திருந்தால் அந்தத் தாவலைத் தவறவிட்டிருப்பார்.

ஆட்களைப் படமெடுப்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஜெர்மனியில், சில விலக்குகள் நீங்கலாக, ஒருவரின் படத்தை அவருடைய இசைவின்றி வெளியிடுவதை 1907-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆகவே கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டவுடன் பலரும் தோளை விறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு படம் எடுத்துவிட்டுக் கேமராவைத் தாழ்த்திப் பேச்சுக் கொடுத்தால், சற்று நேரத்தில் இயல்புக்குத் திரும்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய படம் அப்போதுதான் கிடைக்கும். உதிரி பேட்டரிகளைக் கைப்பையிலேயே வையுங்கள். அவற்றைச் சரக்குப் பெட்டியில் வைக்க விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.