வீட்டு ரயிலுக்கு நம் ஊர் மண்
வாசகர் கேள்வி பதில்

போன மாத இதழில் என் வீட்டுப் பின்னறையில் ஓடும் மாடல் ரயிலின் படம் ஒன்று வந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டால் வடகடற்கரைக் கரும்புக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளுக்கே இந்த மாதப் பக்கம் முழுவதும் போகிறது. ரயிலை விட மண்ணையும் மரத்தையும் வீட்டையும் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், எனக்கும் அதுதான் பிடித்த பேச்சு.

*கேள்வி: மகனுக்கு ரயில் செட் வாங்கிக் கொடுத்து, பலகையில் பச்சைப் புல் பாய் ஒட்டி, நாலு மரமும் வைத்தோம். எப்படிப் பார்த்தாலும் பொம்மை மாதிரியே இருக்கிறது. எங்கே தப்பு? (வாசகர், பீனிக்ஸ்)*

இரண்டு இடத்தில், தம்பி. முதலாவது அந்தப் பச்சை. கடையில் விற்கும் பாயின் நிறம் இங்கிலாந்துப் புல்வெளிக்குச் செய்தது. நீங்கள் ஒரு நாள் காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு வண்டியில் டோங்காட் வரைக்கும் போய், ரோடு போடுவதற்காக மேட்டை வெட்டிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். டர்பன் பக்கத்து மண் செங்காவி நிறம், பெரியா செம்மணல் என்றே அதற்குப் பெயர். அதன் மேல் கரும்பின் நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் காய்ந்த புல்லின் வைக்கோல் நிறம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி உள்நாட்டுக்குப் போனால் ஜூன், ஜூலையில் பச்சையே கண்ணில் படாது. பனி விழுந்து புல் முழுக்க வெளுத்திருக்கும், கற்றாழை மட்டும் சிவப்பாகப் பூத்து நிற்கும். எந்த ஊர், எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் நிறம் தானாகவே வந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் நிலம் மேஜை மாதிரி தட்டையாக இருக்கிறது. நிஜத்தில் தண்டவாளம் ஒரு பக்கம் கரை மேலே ஏறி நிற்கும், மறு பக்கம் மேட்டை வெட்டிக்கொண்டு போகும். ஆகவே தண்டவாளத்துக்குக் கீழேயும் நிலம் இறங்க வேண்டும். பலகை மேல் 5 செ.மீ. கனத்தில் ஃபோம் அட்டையை ஒட்டி, அதன் மேல் தண்டவாளத்தைப் போட்டு, ஓரங்களைக் கத்தியால் சரிவாக அறுத்து எடுங்கள். ஒரு ஓடையும் அதன் மேல் ஒரு சின்னப் பாலமும் வந்தால் போதும், ஆள் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவான். இன்னொன்று, தண்டவாளத்தை மேஜை விளிம்புக்கு நேர் இணையாகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள்.

*கேள்வி: தோட்டத்து மண்ணையே போடலாமா, கடையில் பொடி வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், வெருலம்)*

தோட்டத்து மண்தான் நல்லது. ஆனால் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அடுப்பு ஓவனில் 120 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் புழு பூச்சி, விதை எல்லாம் போய்விடும். அப்புறம் டீ வடிகட்டியில் ஒரு தரம், பழைய ஸ்டாக்கிங் துணியில் ஒரு தரம் சலித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த மண் முழுவதும் துழாவுங்கள். பையின் மேல் கறுப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், அது இரும்பு. நான் இது தெரியாமல் ஒரு பாதையைச் செய்து முடித்து, நாலு மாதம் கழித்து என்ஜின் திணறுகிறதே என்று பிரித்துப் பார்த்தால், மோட்டார் காந்தத்தைச் சுற்றி அந்தக் கறுப்புப் பொடி அப்பியிருந்தது. அந்த என்ஜின் திரும்ப ஓடவே இல்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை, அதனால்தான் யார் மண் என்று சொன்னாலும் காந்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பசை பட்டால் மண் ஒரு படி கறுத்துப்போகும், காய்ந்த பிறகும் முன்னைய நிறம் திரும்பாது. ஓரத்தில் ஒரு துண்டு செய்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் கொஞ்சம் வெளிர் மணல் கலந்துகொள்ளுங்கள்.

*கேள்வி: கரும்பை எதில் செய்தீர்கள்? நானும் கிரேப் பேப்பர், பிளாஸ்டிக் புல் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். (வாசகர், ஸ்டேங்கர்)*

தேங்காய் நார் மிதியடி. கதவுக்கு வெளியே போடும் முரட்டு மிதியடி இருக்கிறதே, அதுதான். எங்கள் தாத்தா கரும்பு வெட்டிய மில் எஸ்டேட்டைச் செய்ய வேண்டும் என்று பல வருஷமாக ஆசை, எதை வைத்தாலும் நெல் வயல் மாதிரியோ சோள வயல் மாதிரியோதான் வந்தது. நார் கைக்கு வந்த பிறகுதான் சரியாக அமைந்தது.

விளைந்த கரும்பு 3 மீட்டர் என்று வைத்தால் 1:64 அளவில், அதாவது நிஜத்தில் 64இல் ஒரு பங்காக, சுமார் 47 மி.மீ. மிதியடியை அடியோடு பட்டை பட்டையாக அறுத்துக்கொள்ளுங்கள். நாரின் நிறமே கரும்பின் கீழ்ப் பாதிக்கு, அந்தக் காய்ந்த சோகைக்கு, அப்படியே பொருந்தும். அதில் கை வைக்க வேண்டாம். மேல் பாதியை மட்டும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பச்சையில் முக்கி எடுங்கள், பச்சையில் ஒரு சொட்டு நீலமும் ஒரு சொட்டு வெள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் நுனியைக் கத்தரியால் மேலும் கீழுமாக வெட்டிவிட்டு, விரலால் நாலு பக்கமும் கலைத்து விடுங்கள். மிதியடியில் நார் நிமிர்ந்து நிற்கும், கரும்புத் தோகை வளைந்து தொங்கும். ஆகவே முன் வரிசைக்கு மட்டும் மெல்லிய தாளைப் பச்சையாக்கி, 1 மி.மீ. அகலத்தில் கீறி, கத்தி முதுகில் இழுத்துச் சுருட்டி ஒவ்வொரு நாருக்கும் இரண்டு மூன்று ஒட்டுங்கள். பொறுமை வேண்டிய வேலை, நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் என்று வைத்து இரண்டு வாரத்தில் ஒரு மீட்டர் நீளம் முடித்தேன்.

வயல் முழுக்க இப்படிச் செய்ய வேண்டுமா என்றால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த கரும்பு தலை கூடிவிடும், வெளியே நிற்பவருக்கு முதல் இரண்டு வரிசைக்கு மேல் தெரியாது. உள்ளே 4 செ.மீ. உயரத்துக்கு ஃபோம் வைத்து, பழுப்பு அடித்து, அதன் தலையில் மட்டும் பச்சை நாரைத் தூவுங்கள். வயலைச் சுற்றி ஒரு வண்டிப் பாதை அகலத்துக்கு வெறும் செம்மண்ணை விட்டுவிடுங்கள், தீ தாண்டாமல் இருக்க அந்த இடைவெளி நிஜ வயலிலும் உண்டு. மே, ஜூன் மாதம் என்றால் கரும்பு பூத்திருக்கும்: காய்ந்த புல்லின் கதிர் நுனியைக் கிள்ளி அங்கங்கே சொருகினால் அந்த வெள்ளி மினுமினுப்பு வரும். ஒரு மூலையில் கொளுத்திய வயல் வைத்தால் இன்னும் நம் ஊர்தான், சோகை எரிந்து தண்டு மட்டும் கறுத்து நிற்கும். அதற்கு வெறும் நாரில் கறுப்பு அடித்தால் போதும்.

*கேள்வி: என்னிடம் லிமா கம்பெனியின் பழைய மாடல் ரயில் வண்டிகள் இருக்கின்றன. நண்பர் 1:64 தான் சரி என்கிறார். தலை சுற்றுகிறது. (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)*

கணக்கு சின்னதுதான். நம் நாட்டுப் பாதையின் அகலம், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, 1,067 மி.மீ. பெட்டியில் வரும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 64ஆல் பெருக்கினால் 1,056, கிட்டத்தட்ட நம் பாதை. 87ஆல் பெருக்கினால் 1,435, அது ஐரோப்பியப் பாதை. இதனால்தான் உங்கள் நண்பர் 1:64 என்கிறார். அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: 9 மி.மீ. தண்டவாளத்தை 64ஆல் பெருக்கினால் 576 வருகிறது, கரும்பு மில்களின் இரண்டடி டிராம் பாதைக்கு (610 மி.மீ.) அது போதுமான பொருத்தம். ஆக மெயின் லைனும் மில் லைனும் பக்கத்துப் பக்கத்தில், கடையில் கிடைக்கும் தண்டவாளத்திலேயே.

ஆனால் லிமா வண்டிகளைத் தூக்கிப் போட வேண்டாம், ஐயா. அவற்றை 1:87 என்று வைத்துக்கொண்டு, வீடு, மரம், ஆள் எல்லாவற்றையும் அதே அளவில் செய்யுங்கள். பாதை கொஞ்சம் அகலமாக இருப்பது பக்கவாட்டில் பார்ப்பவருக்குத் தெரியாது. வீட்டுக் கதவு வண்டிக் கதவை விடப் பெரிதாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். அட்டையில் ஒரு மனிதனை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், 1:87 என்றால் உயரம் 19.5 மி.மீ., 1:64 என்றால் 26.5. எதைச் செய்தாலும் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

வளைவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நேட்டால் பழைய மெயின் லைனில் 300 அடி ஆரத்தில் கூட வளைவு உண்டு, அதுவே 1:64ல் 1.4 மீட்டர் ஆகிறது. செட்டில் வருவது 438 மி.மீ. அதை நீட்ட வீட்டில் இடம் இருக்காது, மறைக்கத்தான் முடியும். வளைவின் வெளிப்பக்கம், அதாவது நாம் நிற்கும் பக்கம், ஒரு மேடும் நாலு யூக்கலிப்டஸ் மரமும் வையுங்கள். ரயில் அங்கே மறைந்து மறுபடி நேர்ப்பாதையில் வெளியே வரட்டும்.

*கேள்வி: அப்பாவுக்கு 84 வயது. ரயில்வே பேரக்ஸில் (ரயில்வே தொழிலாளர் குடியிருப்பு) பிறந்து வளர்ந்தவர், அந்த இடம் இப்போது இல்லை. அவர் பிறந்த நாளுக்கு அந்த வரிசை வீடுகளைச் செய்து கொடுக்க வேண்டும். எனக்கு மாடல் செய்து பழக்கமே இல்லை. (வாசகி, சாட்ஸ்வர்த்)*

செய்யுங்கள் அம்மா, கட்டாயம் செய்யுங்கள். இந்த நாட்டின் முதல் ரயில் டர்பன் சந்தையிலிருந்து பாயிண்ட் துறைமுகத்துக்கு ஓடியது 1860 ஜூன் 26ஆம் தேதி. மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு அதே டர்பனுக்கு வந்தது அதே வருஷம் நவம்பர் 16. ஐந்து மாதம் கூட இடைவெளி இல்லை. பிறகு பாதை போட்டதிலும் ஜல்லி கொட்டியதிலும் நம் ஆட்களின் கை எவ்வளவோ பட்டிருக்கிறது. மாடல் ரயில்களில் ஸ்டேஷன் இருக்கும், சிக்னல் இருக்கும், அந்த ஆட்கள் குடியிருந்த வரிசையை நான் பார்த்ததே இல்லை.

முதலில் பசையை எடுக்காதீர்கள், ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். கதவு எந்தப் பக்கம் பார்த்தது, குழாய் எங்கே, துணி துவைக்கிற கல் எங்கே, அடுப்புப் புகை எந்த வழியாகப் போனது, கறிவேப்பிலை மரம் யார் வீட்டு வாசலில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். அவர் கையாலேயே ஒரு படம் போடச் சொல்லுங்கள், கோணலாக இருந்தாலும் அதுதான் உங்கள் பிளான்.

சுவருக்குத் தானிய டப்பா அட்டை போதும். உழைப்பெல்லாம் தகரக் கூரையில்தான். நெளிதகரத்தின் ஒரு நெளிக்கும் அடுத்ததற்கும் இடையே நிஜத்தில் சுமார் 76 மி.மீ., 1:64ல் அது 1.2 மி.மீ. ஹார்ட்வேர் கடையில் 8 மி.மீ. திருகுக் கம்பி ஒன்று வாங்குங்கள், அதன் மரை சரியாக 1.25 மி.மீ. கேக் வாங்கும் அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தை வெட்டி, ரப்பர் பாய் மேல் வைத்து, கம்பியைச் சப்பாத்திக் கட்டை மாதிரி அழுத்தி ஒரே ஒரு தரம் உருட்டுங்கள். திரும்ப உருட்டினால் கோடு மேல் கோடு ஏறிக் கெட்டுவிடும். நெளி லேசாகச் சாய்ந்துதான் விழும், அது மரையின் சாய்வு. தகட்டின் விளிம்பைப் பார்க்காமல் நெளியை ஒட்டி ஷீட் ஷீட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஒரு நெளி ஏறும்படி ஒட்ட வேண்டும். முதலில் மங்கல் சாம்பல் நிறம், அப்புறம் கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷில் செங்காவியைத் தொட்டு, ஆணி அடித்த இடங்களிலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். மழைத் தண்ணீர் எந்த வழியாக வடியுமோ துருவும் அந்த வழியாகத்தான் இறங்கும். எல்லா ஷீட்டும் ஒரே வயதாக இருக்கக் கூடாது, இரண்டை மட்டும் புதிதாக விடுங்கள்.

வாசலில் ஒரு பீப்பாய், கொடியில் இரண்டு துணி, ஒரு டப்பாவில் செவ்வந்தி. ரயில் ஓட வேண்டும் என்றில்லை, வரிசைக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளம் இருந்தால் போதும்.

*கேள்வி: ஜல்லி ஒட்டும்போது பசையில் மிதந்து ஓடிவிடுகிறது. (வாசகர், மவுண்ட் எட்ஜ்கோம்ப்)*

முதலில் நனைக்காமல் பசையை விடுகிறீர்கள். ஜல்லியைப் பிரஷ்ஷால் பரப்பி, பாதிக்குப் பாதி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து சற்று உயரத்திலிருந்து பனி மாதிரி தெளியுங்கள். அது ஊறியதும் மருந்து சொட்டும் குழாயால் பசையை விடுங்கள்: கோல்ட் குளு (வெள்ளை மரப் பசை) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் சன்லைட் திரவம் ஒரு சொட்டு. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டின் அசையும் பாகத்தில் ஒரு துளி கூடப் படக் கூடாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

*கேள்வி: மைதா பசையும் பேப்பரும் வைத்து மலை செய்தேன், பூச்சி அரிக்கிறது, பூஞ்சையும் வருகிறது. (வாசகர், அம்லாசி)*

கடற்கரை ஈரத்துக்கு மைதா ஆகாது. அந்த மலையை எடுத்துவிட்டு, அட்டைப் பட்டைகளைக் கூடை மாதிரி பின்னி, பிளாஸ்டர் துணியை நனைத்து இரண்டு அடுக்கு போர்த்துங்கள். அடிப்பலகை பிளைவுட்டாக இருக்கட்டும், அதன் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடியுங்கள்.

*கேள்வி: லைனுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் வைக்க ஆசை. வைக்கலாமா? (வாசகர், இசிபிங்கோ)*

உங்கள் ஊரில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? ஊர்ப் பெயரே இசிபிங்கோ ரெயில், ஈஸ்டர் சமயத்தில் அம்மனுக்குக் கூடுகிற கூட்டம் எல்லாருக்கும் தெரியும். தண்டவாளத்தை விட ஒரு விரல் உயரமான மேட்டில் வையுங்கள். உள்ளே சிலை வேண்டாம், கதவு பாதி திறந்து உள்ளே ஒரு மஞ்சள் எல்.இ.டி. இருந்தால் போதும். சுவருக்கு வெள்ளையடித்து, அடியில் மட்டும் செம்மண் தெறித்த கறை வையுங்கள், மழைக்குப் பிறகு நம் கோயில் சுவர் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.