சுவர் ஈரம்: செலவு யாருடையது?

கேள்வி: வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஈரமும் பூஞ்சையும் படர்கின்றன. ஜன்னலைத் திறக்காததுதான் காரணம் என்கிறார் வீட்டு உரிமையாளர். பழுதுபார்க்கும் செலவை நாங்கள்தான் ஏற்க வேண்டுமா?

பதில்: முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு அடி சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் அறைக்காற்றின் ஈரம். உரிமையாளர் சொல்வதில் நியாயம் உண்டு. உட்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. (இரண்டு பக்கமும் நனைவதும் உண்டு.)

சுவருக்கு மறுபுறம் குளியலறையா? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு. நகராவிட்டால் கழிவுநீர்க் குழாய், டைல்ஸ் இடுக்கு இரண்டையும் சந்தேகியுங்கள்.

சுவருக்குள் ஓடும் குழாயும் கட்டட அமைப்பும் பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், பல்பு போன்ற சில்லறை வேலைகள் பெரும்பாலும் குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுவே செல்லும்.

தேதியிட்ட படங்களுடன் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல் போதாது. தாமதத்தால் சேதம் பெருகினால் அந்தப் பங்கு உங்கள் தலையில் விழலாம். கசிவை அடைக்காமல் பெயின்ட் மட்டும் அடிக்கச் சம்மதிக்காதீர்கள், மறுபடியும் உரியும்.