ஜென்னுக்குள் டர்போ: எந்த இசியு வைப்பது?

மாருதி ஜென் மாதிரி பழைய காரில் டர்போ இன்ஜின் ஏற்றும் பெங்களூரு நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இசியு என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்; ஸ்டாண்ட்அலோன் என்பது கம்பெனி இசியுவுக்குப் பதிலாக நாமே வாங்கி ட்யூன் செய்யும் தனி இசியு.

லிங்கராஜபுரத்திலிருந்து: அண்ணா, என் ஜென்ல பலேனோ ஆர்எஸ் இன்ஜின் வைக்கப் போறேன். கம்பெனி இசியு போதுமா, ஸ்டாண்ட்அலோன் வாங்கணுமா?

கம்பெனி இசியுதான் தம்பி. அது 998 சிசி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்த ஹை பிரஷர் பம்பையும் இன்ஜெக்டர்களையும் இயக்கத் தனி டிரைவர் சர்க்யூட் வேண்டும். விலை குறைந்த ஸ்டாண்ட்அலோன் எதிலும் அது வராது.

ஆனால் இன்ஜினை மட்டும் வாங்கி வராதீர்கள். அந்த இசியு தன் சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு யூனிட்), ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் தேடும். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது; ஸ்டார்ட் ஆனாலும் லிம்ப் மோடில், அதாவது பவரைக் குறைத்த பாதுகாப்பு நிலையில், நொண்டும். அடிபட்ட வண்டி ஒன்றை முழுதாக வாங்கி, ஹார்னஸில் (வயர்க் கட்டில்) ஒரு வயரைக்கூட வெட்டாமல் நீங்களே கழற்றுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

அல்சூரிலிருந்து: எஸ்டீம் 1.3 எம்பிஎஃப்ஐ இன்ஜினுக்கு டர்போ பூட்டியிருக்கேன். பழைய இசியுவோட பிக்கிபேக் போட்டா போதும்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

சரியில்லை. உங்கள் அசல் பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். பூஸ்ட், அதாவது டர்போ அதற்கு மேல் ஏற்றும் அழுத்தம், ஏறியதும் அதற்குக் கண் தெரியாது. பழைய இசியுவுக்குப் போகும் சிக்னலை இடையில் மாற்றும் பெட்டிதான் பிக்கிபேக்; அது செய்வதெல்லாம் பழைய இசியுவிடம் பொய் சொல்வதுதான். பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோலைக் கூட்டி, இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அது உங்கள் கையில் இல்லையென்றால் நாக் (பெட்ரோல் தானாகவே வெடிப்பது) வந்து பிஸ்டனை உடைத்துவிடும்.

எம்பிஎஃப்ஐ-யில் பெட்ரோல் சிலிண்டருக்கு வெளியே, இன்டேக்கில்தான் பாய்கிறது; அதனால் இந்த இன்ஜினுக்கு ஸ்டாண்ட்அலோன் தாராளமாகப் பொருந்தும். சால்டரிங் நன்றாக வருமென்றால் ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் போதும். இல்லையென்றால் ஹால்டெக், லிங்க், இசியுமாஸ்டர் மாதிரி ரெடியாக வருவதை வாங்குங்கள். எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன் யார் ட்யூன் செய்யப் போகிறார் என்று முடிவெடுங்கள். அவரிடம் போய், "உங்களுக்கு எந்த சாஃப்ட்வேர் கை வந்தது?" என்று கேளுங்கள், அவர் சொல்வதையே வாங்குங்கள். விலை உயர்ந்த பெட்டியை வாங்கி, அதை உங்கள் இன்ஜினில் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். மிச்சப்படும் பணத்தில் 3 பார் பிரஷர் சென்சாரும் வைட்பேண்ட் லாம்டாவும் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் சென்சார்) போடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் பூஸ்ட் ஏற்றவே கூடாது.

மர்ஃபி டவுனிலிருந்து: ஸ்டாண்ட்அலோன் போட்டாச்சு. 4,000 ஆர்பிஎம் தாண்டினா திணறுது. மேப் சரியாத்தான் இருக்குங்கறாங்க.

எனக்கும் இதேதான் நடந்தது. மூன்று வாரம் ஃபியூவல் டேபிளையே (நீங்கள் சொல்லும் மேப்; எந்த ஆர்பிஎம், எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ட்ரிகர் லாக், அதாவது க்ராங்க் சென்சார் அனுப்பும் சிக்னலின் பதிவு, எடுத்தேன். 36-1 பல் சக்கரத்தின் (36 பல் இடத்தில் ஒன்று இல்லாதது) அலை கீழே ஒழுங்காக வந்து, 4,000-க்கு மேல் நடுநடுவே இல்லாத பல்லெல்லாம் காட்டியது. பானெட்டைத் திறந்து வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். க்ராங்க் சென்சார் வயரை இக்னிஷன் காயில் வயரோடு சேர்த்து ஒரே டையில் இறுக்கியிருந்தேன், நானேதான். ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை இசியு பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்து, காயிலிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனதும் சரியானது. உங்களுடையது இரண்டு வயர் மேக்னட்டிக் சென்சார் என்றால் வயர் தலைகீழாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிவாஜி நகரிலிருந்து: பங்க்ல இப்ப இ20தான் (20% எத்தனால் கலந்த பெட்ரோல்). பழைய ட்யூன் தாங்குமா?

இ10-ல் (10% எத்தனால்) ட்யூன் செய்திருந்தால் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற விகிதம் இ20-க்குக் கிட்டத்தட்ட 13.5 ஆகிறது. மறுபடி ட்யூன் செய்யுங்கள், லாம்டா அளவில் (சரியான விகிதத்தை 1 என்று வைத்து அளப்பது) செய்யுங்கள்; எந்தப் பெட்ரோலுக்கும் லாம்டா 1 என்றால் 1தான்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: ஆர்டிஓ ஒத்துக்குவாங்களா?

இன்ஜின் வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரத்திலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதி இல்லையென்றால் ரோட்டில் இறக்காதீர்கள். டிராக் வண்டியாக, ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து: அப்படித்தான் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோறேன். இங்க பண்ணின ட்யூன் அங்க சரிவருமா?

நல்ல கேள்வி, இதைப் பலர் கேட்பதே இல்லை. நம் ஊர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல், சென்னைப் பக்கம் 101. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்றுதான் பார்க்கும். 0.6 பார் (60 கிலோபாஸ்கல்) பூஸ்ட் இங்கே 151 கிலோபாஸ்கல், அங்கே 161. டைனோவில் (பவர் அளக்கும் இயந்திரத்தில்) நீங்கள் தொடாத வரிசைக்கு இன்ஜின் போய்விடும். அதனால் டேபிளில் மேல் வரிசைகளைக் காலியாக விடாமல், கொஞ்சம் ரிச்சாகவும் (பெட்ரோலைக் கூட்டி) டைமிங்கைக் குறைத்தும் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூஸ்ட் கட், அதாவது அழுத்தம் எல்லை தாண்டினால் இன்ஜினை அடக்கும் அமைப்பை, 170-ல் வையுங்கள். அங்கே போனதும் முதல் இரண்டு லேப் அரை த்ராட்டிலில் ஓட்டி, பிட்டுக்கு வந்து லாக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு மிதியுங்கள்.